'ஓரிரு இடங்கள்' என்றால் எத்தனை இடம்? மழை எச்சரிக்கையைப் படிக்கப் பழகுவோம்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர மாவட்டங்களில் இருக்கும் நமக்கு, போனில் இந்த மாதிரி ஒரு வரி வராமல் போவது அபூர்வம்:

"தென்மேற்கு வங்கக்கடலில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காரணமாக, 29-ஆம் தேதி கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை பெய்யக்கூடும். தரைக்காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும். ஆரஞ்சு எச்சரிக்கை."

இது பாடத்துக்காக நான் எழுதிய மாதிரிதான். ஆனால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகள் ஏறக்குறைய இதே நடையில்தான் வரும். படித்ததும் நாம் என்ன செய்கிறோம்? "ஆரஞ்சுதானே, ரெட் இல்லையே" என்று ஒருவர். "ஓரிரு இடங்கள்தானாம், நம்ம ஊருக்கு ஒண்ணும் இருக்காது" என்று இன்னொருவர். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், "நாளைக்கு லீவா?" என்பதுதான் முதல் கேள்வி. (லீவு விடுவது மாவட்ட ஆட்சியர். வானிலை மையத்தின் நிறத்தைப் பார்த்து லீவு தானாக வந்துவிடாது.)

அந்த வரியில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. 'கன', 'மிக', 'ஓரிரு', 'இடையிடையே' எதுவுமே பேச்சு வழக்கில் போட்ட சொல் இல்லை. இத்துறைக்கு எழுத வந்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அதுவரை நானும் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு ஃபார்வேர்டு செய்துகொண்டிருந்த ஆள்தான்.

முதலில் தேதியைப் பாருங்கள்

மழையைப் பற்றிப் படிப்பதற்கு முன், அந்தச் செய்தி எப்போது வெளியிடப்பட்டது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் பாதி, தேதியும் நேரமும் வெட்டப்பட்டு வருகின்றன. போன வருட ரெட் அலர்ட்டைப் பார்த்து இந்த வருடம் பதறியவர்கள் உண்டு. நேற்று இரவு வந்த மஞ்சளை நம்பி, காலையில் அது ஆரஞ்சாக மாறியதைக் கவனிக்காமல் கிளம்பியவர்களும் உண்டு. வானிலை மையம் ஒரே நாளில் பலமுறை அறிக்கையைப் புதுப்பிக்கும். கடைசியாக வந்ததுதான் செல்லும்.

அடுத்தது, '29-ஆம் தேதி' என்ற சொல். வானிலைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. ஆக 29-ஆம் தேதிக்கான எச்சரிக்கையில், 30-ஆம் தேதி விடியற்காலை 4 மணியும் அடக்கம். 29-ஆம் தேதி பகல் முழுக்க வெயில் அடித்தது, "சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தீர்களானால், அந்த எச்சரிக்கையில் இன்னும் பாதி நேரம் மிச்சம் இருக்கிறது. அதுவும் இருட்டு நேரம்.

'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று வருவது வேறு வகை. அது ரேடாரிலும் செயற்கைக்கோளிலும் மேகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது. 'காலை 10 மணி வரை' என்று எழுதியிருந்தால் 10 மணிக்கு அது காலாவதி. ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பார்த்து ஊருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். வண்டியை இப்போது எடுப்பதா, அரை மணி நேரம் பொறுப்பதா என்பதற்கு இந்த 3 மணி நேரச் செய்திதான் உதவும்.

எவ்வளவு மழை 'கன' மழை?

24 மணி நேரத்தில் ஓரிடத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. செய்திகளில் இதை 7 முதல் 11 செ.மீ., 12 முதல் 20 செ.மீ., 20 செ.மீ.க்கு மேல் என்று சுருக்கிச் சொல்வார்கள்.

செ.மீ. கணக்கு மனதில் பதியாது. வீட்டு மாடிக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது சரியாக 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதில் 20 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 18,500 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரை லாரி, உங்கள் ஒரு வீட்டு மாடியில் மட்டும். தெருவில் 40 வீடு இருந்தால் 60 லாரி. அத்தனையும் ஒரே வடிகாலைத் தேடி ஓடும். மாடிக் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று முந்தின நாளே ஏறிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்த அளவு சொல்லாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. 10 செ.மீ. மழை நாள் முழுக்கத் தூறினாலும் கனமழைதான், இரண்டே மணி நேரத்தில் கொட்டினாலும் கனமழைதான். முதலாவதை ஊர் தாங்கிவிடும். இரண்டாவதில் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். கடலோர நகரங்களில் இன்னொரு சிக்கல், கடல் ஓதம் ஏறும் நேரமும், காற்று கடல்நீரைக் கரைப்பக்கம் தள்ளும் நேரமும். அப்போது ஆற்று முகத்துவாரத்தில் வெள்ளம் வடியாமல் பின்வாங்கி நிற்கும். உங்கள் தெருவில் மழை விட்டும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் வடிகால் அடைப்பு மட்டும் காரணமாக இருக்காது.

ஓரிரு இடங்களில்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவானால் 'ஓரிரு இடங்கள்'. கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் 'ஒரு சில இடங்கள்'. பாதிக்கு மேல் போகும்போதுதான் 'அநேக', 'பெரும்பாலான' போன்ற சொற்கள் வரும்.

அதாவது 'ஓரிரு இடங்களில் மிக கனமழை' என்பது மழை குறைவு என்ற செய்தி இல்லை. மிகப் பெரிய மழை எங்கோ சில ஊர்களில் விழப்போகிறது, அது எந்த ஊர் என்று இப்போதே பெயர் சொல்ல முடியாது என்ற செய்தி. அந்த ஊர் உங்கள் ஊராகவும் இருக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தூத்துக்குடி, திருநெல்வேலி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. பக்கத்துத் திருச்செந்தூரில் 69 செ.மீ. அதி கனமழை என்று சொல்ல 20 செ.மீ. தாண்டினால் போதும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைத் திரும்பப் படியுங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் சுமார் 800 பயணிகளோடு நடுவழியில் சிக்கியது.

அன்று கடலில் புயல் எதுவும் இல்லை. தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். பெயர் வைத்த புயல் வந்தால் டி.வி. முன் உட்காருகிறோம். 'மேலடுக்கு சுழற்சி' என்று படித்தால் சேனலை மாற்றிவிடுகிறோம். காற்றின் வேகத்தை வைத்துத்தான் தாழ்வு மண்டலம், புயல், தீவிர புயல் என்று பட்டம் தருகிறார்கள். மழைக்கு அந்தப் பட்டம் தேவையில்லை.

நிறம் என்ன சொல்கிறது?

மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். மழையின் அளவை மட்டும் பார்த்து நிறம் தருவதில்லை, அது நடக்கும் வாய்ப்பும் வரக்கூடிய பாதிப்பும் சேர்த்துப் பார்க்கப்படும். எனவே 'ரெட் இல்லையே' என்பது ஆறுதல் ஆகாது. ஆரஞ்சில் செய்யவேண்டிய வேலையைச் சிவப்பு வந்த பிறகு தொடங்கினால், பாதி நேரம் மழையில் நனைந்துகொண்டேதான் செய்யவேண்டி வரும்.

காற்று: அந்த 'இடையிடையே'தான் முக்கியம்

மீனவர்களுக்கான எச்சரிக்கையில் 'சூறாவளிக்காற்று' என்ற சொல் அடிக்கடி வரும். அதைப் பார்த்ததும் புயல் வந்துவிட்டது என்று சிலர் ஃபார்வேர்டு செய்கிறார்கள். அது திடீர் திடீரென்று வேகமெடுத்து அடங்கும் காற்று. புயல் என்று அறிவிக்க, சுழற்சியில் காற்று தொடர்ச்சியாக மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டும். 89-க்குப் போனால் தீவிர புயல், 118-க்குப் போனால் மிக தீவிர புயல்.

வீட்டில் இருப்பவருக்கு '40 முதல் 50' என்ற எண்ணைவிட 'இடையிடையே 60' என்ற எண்ணே முக்கியம். தகரக் கூரையைப் பிய்ப்பது சராசரிக் காற்று இல்லை, அந்த ஒரு வீச்சு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால், அது தள்ளும் விசை இரண்டே கால் மடங்காகும். 60-க்குத் தாக்குப்பிடித்த விளம்பரப் பலகை 90-க்கும் தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

மாடியில் உள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் காற்று அதை உருட்டிவிடும். மோட்டார் போட்டு நிரப்பிவிட்டால் 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடை, எங்கும் போகாது. கரண்ட் போனாலும் வீட்டுக்குத் தண்ணீர் இருக்கும். ஒரே வேலையில் இரண்டு லாபம். பால்கனித் தொட்டிச் செடி, துணிக்கொடி, மாடியில் கிடக்கும் பழைய தகரம், காலி பெயின்ட் வாளி எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வையுங்கள். பலத்த காற்றில் நம் வீட்டு வாளி பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கும்.

துறைமுகக் கூண்டு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 'கடலூரில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்ற செய்தி வந்தால், அது கப்பல்களுக்கும் துறைமுகத்துக்கும் சொல்லும் குறி. 1 முதல் 11 வரை உண்டு. எண் ஏற ஏற ஆபத்து ஏறும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் 5, 6, 7 மூன்றும் ஒரே வகை ஆபத்துதான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராகவே வருமா என்பதைத்தான் அந்த மூன்று எண்கள் பிரித்துக் காட்டுகின்றன. 8, 9, 10-ம் அப்படியே. 11 வந்தால், வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோனது என்று பொருள்.

"கரையைக் கடந்தது"

எனக்கு மிகவும் பயமான தலைப்பு இதுதான். படித்தவுடன் "அப்பாடா" என்று எல்லோரும் டி.வி.யை அணைத்துவிடுகிறோம்.

2023-இல் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, டிசம்பர் 5-ஆம் தேதி. சென்னை மூழ்கியது 3, 4 தேதிகளில். புயல் நம் கரையைக் கடக்கவே இல்லை, ஒட்டியபடி மெதுவாக நகர்ந்துபோனது. வரைபடத்தில் 'கடக்கும் இடம்' ஆந்திரா என்று பார்த்துவிட்டு அலட்சியமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2024-இல் கதை வேறு மாதிரி. ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. மறுநாள் காலைக் கணக்கில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. அப்புறம் வலுவிழந்து மேற்கே போனது. வலுவிழந்தது காற்றுதான். டிசம்பர் 2 காலைக் கணக்கில், கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. பதிவானது. இடையில் டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரு வீட்டில் இருந்த 7 பேர் உயிரிழந்தார்கள்.

அதோடும் முடியவில்லை. உள் மாவட்டங்களில் பெய்த அந்த மழை தென்பெண்ணையில் இறங்கியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்க வேண்டியதாயிற்று. அந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர் ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது, புயல் கடந்து ஒரு நாளுக்கும் மேலான பிறகு. ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் தங்கள் மாவட்ட மழையை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் ஆறு எங்கிருந்து வருகிறது, மேலே எந்த அணை இருக்கிறது என்று தெரிந்துவைத்து, அந்த மாவட்டத்து எச்சரிக்கையையும் அணைத் திறப்பு அறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

காற்று அடங்குவதிலும் ஒரு ஏமாற்று உண்டு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா சென்னையில் கரை கடந்தபோது, நடுவில் காற்று சட்டென்று நின்றது. மையப்பகுதி தலைக்கு மேல் போகிறது என்று பொருள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி வீசத் தொடங்கியது. முதல் சுற்றில் ஒரு பக்கம் சாய்ந்து பிடித்து நின்ற மரம், இரண்டாவது சுற்றில் மறுபக்கம் விழும். 'கரையைக் கடந்துவிட்டது, வெளியே வரலாம்' என்று அதிகாரப்பூர்வமாக அறிவிக்கும்வரை வண்டியை எடுக்கப் போகாதீர்கள்.

கடலுக்குப் போகும் வீடுகளில்

மீனவர் எச்சரிக்கையில் மாவட்டப் பெயர் இருக்காது. தென்மேற்கு வங்கக்கடல், மன்னார் வளைகுடா, குமரிக்கடல் என்று கடல் பகுதியின் பெயர்தான் இருக்கும். 'செல்ல வேண்டாம்' என்பது கரையில் இருப்பவருக்கு. 'ஆழ்கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்பவும்' என்பது வேறு செய்தி, அதைக் கரையில் இருப்பவர்தான் கடலில் இருப்பவருக்குச் சேர்க்க வேண்டியிருக்கும். 2017 ஒக்கியின்போது நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலைக்குள் புயலாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் விசைப்படகுகள் பலவும் பல நாட்களுக்கு முன்பே கிளம்பி, போன் எட்டாத தூரத்தில் இருந்தன. திரும்பி வராதவர்கள் பலர்.

பல நாள் தங்கலுக்குப் போகும் படகு என்றால், கிளம்பும் அன்று மட்டும் வானிலை பார்த்தால் போதாது. திரும்பும் நாள்வரை பார்க்க வேண்டும். தகவல் தொடர்புக் கருவி வேலை செய்கிறதா என்று கரையிலேயே சோதித்துவிடுங்கள். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் 1093.

போனைத் தயார் செய்வது

தமிழ்நாடு அரசின் டிஎன்-அலர்ட் செயலியில் மழை முன்னறிவிப்பு, மழை அளவு, அணை நீர்மட்டம் ஆகியவை தமிழிலேயே கிடைக்கும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சச்சேத் செயலி, இருப்பிடத்துக்கு அனுமதி கொடுத்தால் நீங்கள் இருக்கும் பகுதிக்கான எச்சரிக்கையை அனுப்பும். இரண்டில் ஒன்றாவது போனில் இருக்கட்டும். மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி தனியாக இருக்கிறது, வயலில் வேலை செய்பவர்களுக்கு அது அவசியம்.

சைரன் போல அலறிக்கொண்டு திரை முழுவதும் ஒரு செய்தி வருமே, அது செல் பிராட்காஸ்ட். இன்டர்நெட் தேவையில்லை, எங்கேயும் பதிவு செய்திருக்கவும் வேண்டாம். அந்த டவரின் கீழ் இருக்கும் போன்களுக்கு நேராக வரும். பயந்துபோய் சிலர் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி' என்று தேடினால் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்று இருக்கும், அது ஆன் ஆகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் போனிலும் பாருங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றை டிஜிலாக்கரிலோ படமாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அசல் பிரதிகள் பிளாஸ்டிக் உறைக்குள், கட்டிலுக்கு அடியில் இல்லாமல் பரண்மேல் இருக்கட்டும். மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால் ஒரு வாரத்துக்கு வாங்கி வையுங்கள். இன்சுலின் இருந்தால் கரண்ட் இல்லாத நாளில் அதைக் குளிர்ச்சியாக வைக்க என்ன வழி என்று மருந்துக் கடையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே போயே ஆகவேண்டும் என்றால், ஓடும் தண்ணீரை ஆழத்தை வைத்து எடைபோடாதீர்கள். வேகமாக ஓடினால் 15 செ.மீ. தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. ஓட்டத்தில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். தரைப்பாலத்தில் முன்னால் போன பஸ்ஸைப் பின்தொடர்ந்து பைக்கை விடுவது நம் ஊர்ப் பழக்கம். பஸ்ஸின் எடை உங்கள் பைக்குக்குக் கிடையாது.

கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகத்துக்குச் சொல்லுங்கள்: 94987 94987. மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112. நீங்கள் சென்னையிலோ கோவையிலோ வேலையில் இருந்து, அப்பா அம்மா நாகையில் இருந்தால், வெறும் 1077 அழைத்தால் நீங்கள் இருக்கும் மாவட்டத்துக்குத்தான் போகக்கூடும். அந்த ஊர் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்த்து அழையுங்கள், நாகைக்கு 04365.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். கரண்ட் போய் இரண்டாவது நாள், போனில் சார்ஜ் தீர்ந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கித்தான் அழைக்க வேண்டியிருக்கும். அப்போது நம் பிள்ளைகளின் நம்பரே நமக்கு மனப்பாடமாக இருக்காது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.